நான்காவது வாய்

புது லேப்டாப்புக்கு வாய் இரண்டுதான்.
இரண்டும் அரிசிமணி அகலம்.
ஒன்றில் கரண்ட் குடிக்கும்.
மற்றதில் எதைச் செருகுவது என்று
பதினெட்டாம் தேதி ராத்திரி உட்கார்ந்து யோசிக்கிறேன்.

என்னிடம் இருப்பதெல்லாம் பழைய சப்பை மூக்கு:
மவுஸ், பிரிண்டர்,
கிழங்கு மில் மருதாசலத்தின் கையெழுத்து.
ஆமாம், கையெழுத்துதான்.
சுண்டுவிரல் நீள டோக்கனுக்குள் குடியிருக்கிறது.
அதைச் செருகாமல்
ஒரு மூட்டை ஜவ்வரிசியின் கணக்கும் போய்ச் சேராது.
இருபதாம் தேதி தாண்டினால்
நாளுக்கு ஐம்பது ரூபாய்.
திட்டு தனி.

மறுநாள் அம்மாப்பேட்டையில் டவுன் பஸ் ஏறினேன்.
லேப்டாப் ஜவுளிக்கடைப் பைக்குள், மடியில்.
பக்கத்து சீட்டுக்காரி பையைத் தொட்டுப் பார்த்து
"பட்டா?" என்றாள்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆறடிக் கடை.
பக்தாராம் ஜாலோரில் பிறந்தவர்;
'ங்க' போடாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார்.
மூன்று ஹப்பை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார்.

ஆயிரத்து நானூறு. அலுமினிய உடம்பு, ஏழு வாய்.
"இதுல டிவி மாட்டலாங்க, கேமரா கார்டு போடலாங்க."
என் டிவி போன ஆடியில் இடி விழுந்து செத்தது.
கேமரா எப்போதும் இருந்ததில்லை.
நான் வாழாத வாழ்க்கைக்கு நாலு வாய் அதிகம்.

இருநூற்று ஐம்பது. கனமே இல்லை.
குலுக்கினால் உள்ளே ஏதோ சிரிக்கிறது.

நானூற்று எண்பது. கருப்பு, நாலு வாய், சாண் நீள வால்.
வால் முக்கியம்.
வாலில்லாதது விறைத்துக்கொண்டு நிற்கும்,
முழங்கை பட்டால் போர்ட்டையே பெயர்க்கும்.
போன லேப்டாப் செத்தது அப்படித்தான்.

அங்கேயே செருகிப் பார்த்தோம்.
ஒன்று, விளக்கு.
இரண்டு, விளக்கு.
மூன்று, விளக்கு.
நான்கு.

நான்கு?

ஊதினார். திருப்பினார். தொடையில் தட்டினார்.
"டப்பால நாலுன்னுதான் போட்டிருக்குதுங்க"
என்று டப்பாவை முறைத்தார்.
வேறு பீஸ் திங்கள்தான் வருமாம்.
எனக்கு நாளைக்கே இருபது.

கணக்குப் பார்க்கிற புத்தி சும்மா இருக்காது:
நாலு வாய் நானூற்று எண்பது என்றால்
ஒரு வாய் நூற்று இருபது.
மூன்றுக்கு முந்நூற்று அறுபது. சொன்னேன்.
"அப்ப வாலுக்குங்க?" என்றார்.
வாலுக்குப் பத்து ரூபாய் என்று முடிந்தது.

பில் போட்டால் வரி தனி என்றார்.
இருவரும் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தோம்.
ஒரு மினி லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.
பில் வேண்டாம் என்றேன்.
மருதாசலத்திடம் சொல்லிவிடாதீர்கள்.

திரும்பும் வழியில் தட்டுவடை செட் ஒன்று.
கேரட் துருவல் பைக்குள் விழுந்து
இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது.

இருபதாம் தேதி, ராத்திரி பதினொன்று நாற்பது.
உலகமே அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறது போல,
வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.
டோக்கன் மூன்று முறை கண் சிமிட்டியது.
கணக்கு போய்ச் சேர்ந்தது.

டோக்கனை எங்கே வைப்பது என்பது
எனக்கு இரண்டு வருஷத் தலைவலி.
டிராயரில் வைத்தால் சின்னவன் எடுத்து ரயில் ஓட்டுவான்.
பர்ஸில் வைத்தால் சில்லறையோடு போகும்;
ஒருமுறை கண்டக்டர் கைவரை போய்த் திரும்பியது.
அன்று, தூக்கக் கலக்கத்தில்,
நான்காவது வாயில் செருகினேன்.

கச்சிதம்.
விளக்கு எரியவில்லை.
ஒரு மில்லின் முழு அதிகாரமும்
எதிலும் கையெழுத்துப் போடாமல்
அங்கே உறங்குகிறது.

பக்தாராமுக்குப் போன் பண்ணிச் சொல்லலாம்.
மீதி நூற்றுப் பத்தைக் கேட்பார்.